டே லில்லியில் காய் நிற்கவில்லை, என்ன செய்வது?

கேள்வி: கொடைக்கானலில் வீட்டைச் சுற்றி டே லில்லி வளர்க்கிறேன். நர்சரியில் வாங்கிய ஸ்டெல்லா டி ஓரோ, பழைய பங்களா ஒன்றிலிருந்து கொண்டுவந்த ஆரஞ்சு ரகம், இதழோரம் சுருள் சுருளாக இருக்கும் பெரிய ஊதா ரகம் என மூன்று வகை இருக்கின்றன. இரண்டு வருடமாக மகரந்தத்தை மாற்றி மாற்றித் தடவுகிறேன். காய் பிடித்த மாதிரி தெரிந்து பத்து நாளில் உதிர்கிறது. சொந்தமாக ஒரு புது நிறம், முடிந்தால் நீலம், கொண்டுவர ஆசை. எங்கே தவறு?

பதில்: தடவும் முறையில் பெரிய குறை இருக்காது. சேராத ஜோடிகளைச் சேர்க்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் அந்த ஆரஞ்சு. பழைய தோட்டங்களில் புதர் புதராக நிற்கும் ஆரஞ்சு டே லில்லி பெரும்பாலும் 'யூரோப்பா' என்ற ரகம்தான். சாதாரண டே லில்லிக்கு 22 குரோமோசோம்கள் (பதினொன்று கொண்ட இரண்டு தொகுதிகள்), இதற்கு 33. மூன்று தொகுதிகள் சமமாகப் பிரிய முடியாததால் விதை உருவாவது மிக அரிது. தரைக்கடியில் கிழங்குத்தண்டு ஓடித்தான் இவ்வளவு தூரம் பரவியது. நியூயார்க் தாவரவியல் பூங்காவில் டே லில்லி ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்த ஸ்டவுட், இதில் ஆயிரக்கணக்கான பூக்களுக்கு மகரந்தம் தடவிக் கைப்பிடி விதைதான் பார்த்தார். நமக்கு எதற்கு அந்தப் பாடு? அதை வேலியோரம் அழகுக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஸ்டெல்லா. 1975இல் வந்த இந்தக் குட்டை மஞ்சள் ரகம் 22 குரோமோசோம் வகை. உங்கள் ஊதா, நீங்கள் சொல்லும் பூ அளவையும் சுருளையும் வைத்துப் பார்த்தால், 44 குரோமோசோம் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த இரண்டையும் சேர்த்தால் காய் சில நாள் பருத்துவிட்டு உதிரும். உங்களுக்கு நடப்பது அதுவேதான். 22க்கு 22, 44க்கு 44 என்று சேர்க்க வேண்டும். ரகத்தின் பெயர் தெரிந்தால், அமெரிக்க டே லில்லி சங்கத்தின் இணையப் பதிவேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும். பெயர் தெரியாவிட்டால், வகை உறுதியாகத் தெரிந்த ஒரு செடியின் மகரந்தத்தைப் பல பூக்களில் தடவிப் பாருங்கள். காய் நின்று முற்றினால் அதே வகை.

22ஐ 44 ஆக்கியது கோல்சிசின் என்ற வேதிப்பொருள். தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு விதையை வாங்கிப் போவது அதிலிருந்து இந்த வேதிப்பொருளை எடுக்கத்தான். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம், கடும் விஷம்.

சரி, உங்கள் ஊர்ப் பனிக்கு வருவோம். மகரந்தம் நனைந்தால் வீண். பூ ஒரே நாள்தான் இருக்கும் என்பதால், காலையில் விரிந்ததும் மகரந்தப்பைகளைக் கிள்ளி வீட்டுக்குள் காகிதத்தில் உலரவையுங்கள். பனி விலகிச் சூலகமுடி (பூ நடுவில் நீண்டிருக்கும் பெண் உறுப்பின் முனை) காய்ந்த பிறகு, ஒன்பது பத்து மணி வாக்கில், அதன் நுனியில் தடவுங்கள். உலர்ந்த மகரந்தம் ஃப்ரீசரில் மாதக்கணக்கில் தாங்கும். வேறு வேறு சமயத்தில் பூக்கும் ரகங்களைச் சேர்க்க இது பெரிய உதவி. பூக்காம்பில் உடனே அட்டை கட்டி, தாய்ச்செடி பெயரை முதலிலும் மகரந்தம் தந்த செடியின் பெயரை அடுத்தும் எழுதுங்கள். சாயந்திரம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எது எதுவென்று தெரியாமல் போகும்.

காய் முற்ற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பழுப்பேறி நுனி வெடிக்கத் தொடங்கும்போது பறியுங்கள். கறுப்பாக, கெட்டியாக, பளபளப்பாக இருப்பது நல்ல விதை. அழுத்தினால் நசுங்குவதைத் தூக்கிப் போடுங்கள். ஓரிரு நாள் நிழலில் உலர்த்தி, லேசாக ஈரமான வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) கலந்து நாலு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்து, அப்புறம் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். முதல் பூவுக்கு இரண்டு வருடமாவது காத்திருக்க வேண்டும். ஒரே காயின் விதைகள்கூட ஒவ்வொன்றும் ஒரு விதமாகப் பூக்கும். பிடித்ததைத் தூர் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். அதன் விதையில் அதே பூ வராது.

வெளிநாட்டுச் செடியை உறவினர் பெட்டியில் வரவழைக்காதீர்கள். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் கொண்டுவருவது சட்டப்படி தவறு. டே லில்லி துரு நோய் 2000இல் அமெரிக்காவில் தலைகாட்டிச் சில வருடங்களில் நாடு முழுக்கப் பரவியது. இங்கேயே வாங்கும் செடியையும் சில வாரம் தனியே வைத்து, இலையின் அடியில் ஆரஞ்சுத் தூள் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீலம்? முழு நீல டே லில்லி இதுவரை யாருக்கும் வரவில்லை. பூவின் தொண்டையைச் சுற்றியுள்ள 'கண்' வளையத்தில் நீலச்சாம்பல் சாயலைக் கொண்டுவந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் ஊதா 44 வகை என்று உறுதியானால், அப்படிக் கண் உள்ள ஒரு 44 ரகத்தை வாங்கி அதனோடு சேருங்கள். ஸ்டெல்லாவுக்கு இளஞ்சிவப்பில் ஒரு 22 ரகம் தேடினால் போதும்.