கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையிலான அரசியல் பிளவுக்குச் செய்தி ஊடகங்கள்தாம் காரணமா?

பிளவை ஊடகங்கள் உண்டாக்கவில்லை. ஆனால் ஒரு பக்கத்தாரின் பாடு மறுபக்கத்தாருக்கு எட்டாமல் போவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது காவிரி டெல்டாவில், திருத்துறைப்பூண்டிப் பக்கம் வசிக்கும் என் கருத்து.

மேட்டூர் அணை திறப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான நாளான ஜூன் 12-இல் அணை திறக்கப்பட்டால் மலர் தூவும் காட்சி எல்லாத் தொலைக்காட்சிகளிலும் வருகிறது. நீர்மட்டம் முழு அளவான 120 அடியைத் தொட்டுவிட்டால் அது முக்கியச் செய்தியாகிவிடுகிறது. அத்துடன் டெல்டாவின் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று சென்னைவாசி நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கேயோ, கல்லணையில் திறந்த தண்ணீர் வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடைக்கு வந்ததா, வாய்க்காலைத் தூர்வாரினார்களா, இல்லை கரையை மட்டும் செதுக்கிவிட்டுப் போனார்களா என்பதுதான் டீக்கடைப் பேச்சு.

இவை அச்சில் வராமல் இல்லை. நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வருகின்றன. அந்தப் பக்கங்கள் பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்தோடு நின்றுவிடுகின்றன. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதென்று திருப்பி அனுப்பப்பட்ட நெல்லை, கொள்முதல் நிலைய வாசலில் கொட்டித் தார்ப்பாய் போட்டுக் காத்துக் கிடப்பவரைப் பற்றிய செய்தியை, காத்துக் கிடப்பவரே படிக்கிறார். நகரத்து வாசகருக்குப் போய்ச் சேருவது கடன் தள்ளுபடிக் கோரிக்கையும் சாலை மறியலும் மட்டுமே. காரணம் தெரியாமல் கோரிக்கையை மட்டும் கேட்பவருக்கு, 'இவர்களுக்கு எப்போதும் இதே வேலை' என்றுதான் தோன்றும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தபோது நிலைமை இன்னும் மோசம். பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாததால், தங்களைப் பற்றித் தொலைக்காட்சியில் என்ன சொல்கிறார்கள் என்பதே பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரியவில்லை. 2015 சென்னை வெள்ளத்தை நாள் முழுக்கப் பார்த்து, பழந்துணியும் அரிசியும் திரட்டி அனுப்பிய ஊர்கள் இவை. 'சென்னை என்றால்தான் செய்தி' என்ற கசப்பு இங்கே கஜாவுக்குப் பிறகுதான் ஆழமாக வேரூன்றியது என்பேன்.

ஆயினும் கிராமம் என்பது ஒரே குரல் அல்ல. 1968-இல் கீழவெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் நிலவுடைமையாளர் தரப்பால் எரித்துக் கொல்லப்பட்டது இதே மண்ணில், கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவில்தான். இன்றும் நூறு நாள் வேலைத் திட்டத்தைப் பற்றிப் பண்ணைக்காரரிடம் கேட்டால் ஒரு பதில், நடவுக்குப் போகும் பெண்ணிடம் கேட்டால் வேறொரு பதில். இரவு நேர விவாதங்களுக்கு விவசாயிகளின் தரப்பென்று சங்கத் தலைவர்களை அழைக்கிறார்கள்; அந்தப் பெண்களில் ஒருவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.