ஒற்றைக் கட்டத்துக்குள் ஒரு விசித்திர உலகம்: கேரி லார்சனின் சித்திரங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேரி லார்சன் வரைந்து, அமெரிக்க நாளிதழ்களில் 1980 முதல் 1995 வரை வெளிவந்த ‘தி ஃபார் சைட்’ சித்திரங்கள் பற்றியும், அவற்றின் விபரீத நகைச்சுவை பற்றியும் வாசகர்கள் கேட்டிருந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஒரே ஒரு கட்டம், அதன் கீழே ஒரு வரி. நான்கு கட்டங்களில் கதை சொல்லும் படத்தொடரில் இல்லாத எந்தச் சிறப்பு இதில் இருக்கிறது?

ஓவியருக்கு ஒரே ஒரு கணம்தான் கிடைக்கிறது என்பதே இதன் சிறப்பு. நான்கு கட்டங்கள் இருந்தால் முதலில் சூழலைச் சொல்லி, இடையில் அதை வளர்த்து, கடைசியில் சிரிக்க வைக்கலாம். ஒற்றைக் கட்டத்தில் அதற்கு வழியில்லை. முன்பு நடந்ததையும் இனி நடக்கப்போவதையும் பார்ப்பவரே தம் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். லார்சனின் படம் ஒன்றில் இரண்டு மான்கள் நின்று பேசிக்கொண்டிருக்கின்றன. ஒன்றின் மார்பில், துப்பாக்கிப் பயிற்சிக்கு வைக்கும் இலக்குப் பலகையில் இருப்பது போன்ற வட்டங்கள் பிறவி மச்சமாக அமைந்திருக்கின்றன; மற்றொன்று அந்த மச்சத்துக்காக அனுதாபப்படுகிறது. படத்தில் வேட்டைக்காரன் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அவற்றைக் கொண்டுவந்து நிறுத்துவது நாம்தான். அப்படி நிறுத்தும் அந்த நொடியில் சிரிப்பும் வந்துவிடுகிறது.

இறந்தகாலத்தையும் இதே முறையில் ஒளித்து வைக்கலாம். நியூயார்க்கர் வார இதழில் 1940-ல் சார்லஸ் ஆடம்ஸ் வரைந்த படத்தில், பனியில் சறுக்கிச் சென்ற ஒருவரின் இரு தடங்கள் ஒரு மரத்தின் இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாகப் பிரிந்து மீண்டும் சேர்கின்றன. அது எப்படி நடந்திருக்கும் என்பதற்கு எந்த விளக்கமும் தரப்படவில்லை. தரப்பட்டிருந்தால் அந்தப் படம் அன்றே மறக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: லார்சன் ஓவியக் கல்லூரியில் பயின்றவரா? நாளிதழுக்கு எப்படி வந்தார்?

முறையான ஓவியப் பயிற்சி பெற்றவர் அல்லர். வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா நகரில் 1950-ல் பிறந்தார். இசைக்கருவிக் கடையிலும், பின்னர் விலங்கு நல அமைப்பு ஒன்றிலும் வேலை பார்த்தார். 1979-ல் ‘சியாட்டில் டைம்ஸ்’ நாளிதழ் அவருடைய ‘நேச்சர்ஸ் வே’ என்ற சித்திரங்களை வாரந்தோறும் வெளியிட்டது. ஆனால் அவற்றைச் சிறுவர் புதிர்ப் பகுதிக்குப் பக்கத்தில் வைத்ததால் புகார்கள் வந்துகொண்டே இருந்தன. விடுமுறையில் சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்ற லார்சன் தம் படங்களை ‘கிரானிக்கிள்’ நாளிதழிடம் காட்டினார், அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஊர் திரும்பிய சில நாட்களில் சியாட்டில் நாளிதழ் அவரை நிறுத்திவிட்டது. அந்த இரண்டு நிகழ்வுகளும் வேறு வரிசையில் நடந்திருந்தால் தாம் ஓவியத்தையே கைவிட்டிருக்கக்கூடும் என்று அவரே எண்ணியிருக்கிறார். இறுதியில் 1,900-க்கும் மேற்பட்ட நாளிதழ்கள் அவரை வெளியிட்டன.

கேள்வி: ‘கௌ டூல்ஸ்’ என்ற படத்தை எத்தனை முறை பார்த்தும் எனக்குப் புரியவில்லை. அதில் என்னதான் இருக்கிறது?

உங்களுக்கு மட்டும் அல்ல, 1982 அக்டோபரில் அது வெளியானபோது அமெரிக்கா முழுவதும் பலருக்குப் புரியவில்லை. தொழுவத்தின் முன்னே ஒரு மேசை. அதன் பின்னால் இரண்டு கால்களில் நிற்கும் ஒரு மாடு. மேசை மேல் எதற்கும் உதவாத நான்கு பொருட்கள். கீழே ‘மாட்டின் கருவிகள்’ என்ற பொருளில் இரண்டே சொற்கள். விளக்கம் கேட்டு நாளிதழ்களுக்குக் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் குவிந்தன. லார்சன் விளக்க அறிக்கையே வெளியிட நேர்ந்தது.

மனிதனை மற்ற உயிரினங்களிலிருந்து பிரிப்பது கருவி செய்யும் திறமை என்று ஒரு காலத்தில் மானுடவியலாளர்கள் கருதினர். அப்படியானால் மாடு கருவி செய்தால் அது எப்படி இருக்கும் என்று அவர் யோசித்தார். மிகவும் மட்டமாகத்தான் இருக்கும் என்பதே அவருடைய விடை. அதற்குமேல் படத்தில் வேறு பொருள் இல்லை. ஆனால் நான்கில் ஒரு கருவியை அவர் ரம்பம் போல வரைந்துவிட்டார். ஒன்று ரம்பம் என்றால் மற்ற மூன்றும் ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று வாசகர்கள் தேடத் தொடங்கினார்கள். அபத்த நகைச்சுவையின் நுட்பம் அனைத்தும் இந்த ஒரு நிகழ்வில் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அர்த்தமின்மையை வரைவதானால் அதை முழுமையாக வரைய வேண்டும். ஓர் ஓரத்தில் அர்த்தம் எட்டிப்பார்த்தாலும் மனித மனம் அதைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: அபத்தம் என்றால் எதை வேண்டுமானாலும் வரையலாம் என்றுதானே பொருள்?

இல்லை. லார்சன் ஒருமுறை, களைத்து வீடு திரும்பும் ஆண் கொசு தன் மனைவியிடம் அன்று பாதி நாட்டுக்கு மலேரியாவைப் பரப்பிவிட்டதாகச் சொல்வது போல வரைந்தார். கடிப்பது பெண் கொசுதான் என்று உயிரியல் தெரிந்த வாசகர்கள் கண்டித்து எழுதினார்கள். கொசுக்கள் உடையணிந்து, வீடு கட்டி வாழ்ந்து, ஆங்கிலம் பேசியதை எவரும் குறையாகச் சொல்லவில்லை என்பதை லார்சனே பின்னர் சுட்டிக்காட்டினார். வாசகர்களின் பக்கமும் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். கொசு பேசுவது அந்த உலகத்துக்குள் நுழைய நாம் மனமுவந்து ஏற்கும் நிபந்தனை. நுழைந்த பிறகு மற்ற உண்மைகள் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஒரேயொரு விதியை மாற்றிவிட்டு மற்றவற்றைக் கறாராகக் காப்பாற்றும்போதுதான் அபத்தம் கூர்மை பெறுகிறது.

கேள்வி: அவருடைய பாத்திரங்கள் ஏன் எப்போதும் உணர்ச்சியற்றே இருக்கின்றன?

பாத்திரங்களுக்குத் தாம் வேடிக்கையான நிலையில் இருப்பது தெரியாது. தடித்த உடலும், கண்களை மறைக்கும் மூக்குக் கண்ணாடியும், உயர்த்திக் கட்டிய கொண்டையும் கொண்ட அந்த மனிதர்கள் பேரழிவின் நடுவிலும் அன்றாட வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் நம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டாலும் எல்லாம் கெட்டுவிடும்.

கேள்வி: படமும் வரியும் ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்தவை? வரியை மாற்றினால் என்ன ஆகும்?

இந்தச் சோதனை தற்செயலாக உண்மையிலேயே நடந்தது. ஒஹாயோ மாநிலத்தின் ‘டேட்டன் டெய்லி நியூஸ்’ நாளிதழ், பக்கத்துப் பக்கத்தில் வந்த ‘தி ஃபார் சைட்’, ‘டென்னிஸ் தி மெனஸ்’ ஆகிய இரண்டின் வரிகளையும் இடம் மாற்றி அச்சிட்டுவிட்டது. அதுவும் இரண்டு முறை. மீண்டும் வெள்ளெலிதானா என்று லார்சனின் பாம்புக்குட்டி அலுத்துக்கொள்ள வேண்டிய வரி, குறும்புச் சிறுவன் டென்னிஸ் சாப்பிடும் படத்தின் கீழே வந்தது. வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி செய்யக் கற்றதால்தான் பட்டினி கிடக்காமல் தப்பித்தோம் என்ற டென்னிஸின் வரி பாம்புகளிடம் போய்ச் சேர்ந்தது. இரண்டு படங்களும் முன்பைவிடச் சிறப்பாக அமைந்துவிட்டன என்று லார்சன் ஒப்புக்கொண்டார். நல்ல ஒற்றைக் கட்டச் சித்திரத்தில் வரி படத்தை விளக்குவதில்லை, படத்தோடு மோதுகிறது. அந்த மோதல் தற்செயலாக நேர்ந்தாலும் பலிக்கிறது.

கேள்வி: நம் வார இதழ்களின் ஜோக்குகளும் இந்த வகைதானே?

பெரும்பாலானவை அல்ல. அவற்றில் இருவர் பேசிக்கொள்வார்கள். படத்தைப் பார்க்காமல் உரையாடலை மட்டும் வாசித்துக் காட்டினாலும் கேட்பவர் சிரித்துவிடுவார். கோபுலு வரைந்த சொல்லில்லாச் சித்திரங்கள் விலக்கு. அவற்றை வாசித்துக் காட்ட இயலாது.

கேள்வி: விஞ்ஞானிகள் அவரைக் கொண்டாடுவது ஏன்?

அவர்களுடைய உலகத்தை உள்ளிருந்து அறிந்தவர்போல வரைந்ததால். ஒரு படத்தில், குகை மனிதர்களுக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியர் ஸ்டெகோசாரஸ் என்ற டைனோசரின் வால் முட்களுக்கு ‘தாகோமைசர்’ என்று பெயர் சொல்கிறார். அவற்றால் இறந்துபோன தாக் சிம்மன்ஸின் நினைவாக வைத்த பெயராம். அந்த உறுப்புக்கு அதுவரை தனிப் பெயர் இல்லை. தொல்லுயிரியலாளர் கென் கார்பெண்டர் 1993-ல் ஆய்வுரை ஒன்றில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அதன்பின் அது துறையில் வழங்கிவருகிறது. ஆந்தைகளின் மேல் வாழும் பேன் இனம் ஒன்றுக்கு லார்சனின் பெயரும் சூட்டப்பட்டது.

சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடாலைக் கிண்டல் செய்த 1987-ஆம் ஆண்டுச் சித்திரத்துக்கு அவருடைய நிறுவனத்தின் சார்பில் வழக்கறிஞர் கண்டனக் கடிதம் போனது. குடாலோ அதை ரசித்துச் சிரித்தார்; பின்னர் லார்சனின் தொகுப்பு ஒன்றுக்கு முன்னுரையும் எழுதினார். கேலிக்கு உள்ளானவரே அதை முதலில் புரிந்துகொண்டார் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

கேள்வி: இப்போது புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் எங்கிருந்து தொடங்கலாம்?

2003-ல் வெளியான இரண்டு பெரும் தொகுதிகளில் 4,000-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. ஆனால் அவற்றில் தொடங்க வேண்டாம். 1989-ல் வந்த ‘தி பிரீஹிஸ்டரி ஆஃப் தி ஃபார் சைட்’ நூலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். நாளிதழுக்குப் போகாத குறிப்பேட்டுப் படங்களும், வாசகர்களின் கோபக் கடிதங்களும், மேலே சொன்ன கொசு, மாடு விவகாரங்களும் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு படத்திலும் கீழ் வரியைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் படத்தை மட்டும் பாருங்கள். என்ன நடக்கிறது என்று நீங்களே ஒரு முடிவுக்கு வந்த பிறகு கையை எடுங்கள்.