‘டெல்லர்’ யாருக்கு என்ன சொல்கிறார்? – ஆங்கிலச் சொற்கள்: கேள்வி-பதில்

வங்கியில் பணம் எண்ணிக் கொடுப்பவரை ‘டெல்லர்’ என்கிறார்கள். ‘டெல்’ என்றால் சொல்வதுதானே? அவர் யாருக்கு என்ன சொல்கிறார்?

யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. நீங்களே கேள்வியில் எழுதிவிட்டீர்கள்: எண்ணிக் கொடுப்பவர். பழைய ஆங்கிலத்தில் ‘டெல்’ என்ற வினைக்கு எண்ணுதல், சொல்லுதல் இரண்டும் பொருள். அதன் உறவு மொழிகளில் இந்த இரட்டைத்தன்மை இன்னும் பளிச்சென்று தெரியும். டச்சு மொழியில் ‘டெல்லன்’ என்றால் எண்ணுவது. முன்னால் ஓர் ஒட்டைச் சேர்த்து ‘ஃபெர்டெல்லன்’ என்றால் கதை சொல்வது. ஜெர்மனிலும் இதே கதைதான். நடந்ததை ஒன்று, இரண்டு என்று வரிசை பிசகாமல் அடுக்கினால்தானே கதை!

இன்றைய ஆங்கிலத்தில் எண்ணும் பொருள் சில மூலைகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பின்போது தலைகளை எண்ணும் உறுப்பினர்களுக்கும் டெல்லர் என்றே பெயர். தெருமுனை ஏ.டி.எம்.மில் நடுவில் இருக்கும் ‘டி’யும் டெல்லர்தான். ‘ஆல் டோல்ட்’ என்றால் எல்லாம் சேர்த்து எண்ணிப் பார்த்தால் என்று பொருள். ‘அன்டோல்ட் வெல்த்’ என்பதை யாரோ ‘சொல்லப்படாத செல்வம்’ என்று மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அது எண்ணி முடியாத செல்வம். ஆனால் ‘அன்டோல்ட் ஸ்டோரி’ சொல்லப்படாத கதையேதான், அங்கே எண்ணப் போய்விடாதீர்கள். நாமும் அளவு மீறிப் போனதைச் ‘சொல்லி மாளாது’ என்கிறோம், ‘எண்ணி மாளாது’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலம் எண்ணுவதிலிருந்து சொல்வதற்குப் போனது. தமிழிலோ ‘எண்ணு’ என்றால் கணக்கிடுவது, நினைப்பது இரண்டும்.

அப்படியானால் ‘சே’க்கும் ‘டெல்’லுக்கும் இப்போது என்ன வித்தியாசம்? என் மகள் ‘ஹி செட் மீ’ என்று எழுதி மதிப்பெண் இழந்தாள்.

யாரிடம் என்பது ‘டெல்’லுக்கு நேராக ஒட்டும்: ‘ஹி டோல்ட் மீ’. ‘சே’க்கு நடுவில் ‘டு’ வேண்டும்: ‘ஹி செட் டு மீ’. பொய், உண்மை, கதை, மணி, இவற்றுக்கெல்லாம் ‘டெல்’. வணக்கம், நன்றி என்று வாயிலிருந்து வரும் வார்த்தைகளுக்கு ‘சே’. தமிழில் எல்லாமே ‘சொல்’ என்பதால்தான் இந்தக் குழப்பம். மகளைத் திட்டாதீர்கள்.

‘கைண்ட்லி இன்டிமேட்’ என்று அலுவலகக் கடிதத்தில் எழுதினேன். வெளிநாட்டில் படிக்கும் மகன் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

அவன் காதில் விழுந்தது பெயரடை. நெருக்கமான என்ற பொருளில் வரும்போது கடைசி அசை ‘மட்’ என்று சுருங்கும். தெரிவி என்ற வினையாக வரும்போது ‘மேட்’ என்று நீளும். ‘செப்பரேட்’, ‘எஸ்டிமேட்’ எல்லாவற்றிலும் இந்த விளையாட்டு உண்டு. இரண்டுக்கும் வேர் ஒன்றே: மிக உள்ளே இருப்பது என்ற லத்தீன் சொல். உள்ளே இருப்பதை வெளியே தெரிவிப்பதால் வினை.

ஆகவே தவறில்லை. ஆனால் மகன் சிரிப்பதற்கு வேறொரு நியாயம் உண்டு. இங்கிலாந்தில் இந்த வினைக்குப் பெரும்பாலும் ‘சாடைமாடையாகச் சொல்வது’ என்று பொருள். நம் அலுவலகங்களிலோ அது முறைப்படி அறிவிப்பது. கூட்டம் எப்போது என்று சாடையாகச் சொல்லும்படி கேட்டால் அங்கே விழிக்கத்தான் செய்வார்கள். வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் ‘இன்ஃபார்ம்’ போதும்.

‘டிஸ்கஸ் அபவுட்’ சரியா?

தவறு. ‘டிஸ்கஸ்’ என்பதிலேயே ‘பற்றி’ அடங்கிவிட்டது. லத்தீனில் இதன் மூலப்பொருள் உதறிப் பிரிப்பது. நாம் துணியையும் அலசுகிறோம், பிரச்சினையையும் அலசுகிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான். ‘துணியைப் பற்றி அலசினேன்’ என்று யாரும் சொல்வதில்லை.

சென்னை தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனையின் ஆங்கிலப் பெயரில் ‘கம்யூனிக்கபிள்’ என்று வருகிறது. நோய்க்கும் தகவல் தொடர்புக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் பகிர்வில் இருக்கிறது. ‘காமன்’, ‘கம்யூனிட்டி’, ‘கம்யூனிக்கேட்’ மூன்றுக்கும் வேர் பொது என்ற பொருள் தரும் லத்தீன் சொல். என்னிடம் இருப்பதை உனக்கும் பொதுவாக்குவதுதான் கம்யூனிக்கேட். அது செய்தியாகவும் இருக்கலாம், காய்ச்சலாகவும் இருக்கலாம். பழைய இயற்பியல் நூல்களில் ஒரு பொருள் இன்னொன்றுக்கு வெப்பத்தைக் ‘கம்யூனிக்கேட்’ செய்யும். தேவாலயத்தில் அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணைக்குக் ‘கம்யூனியன்’ என்று பெயர். ஓட்டலில் இரண்டு அறைகளுக்கு நடுவே கதவு இருந்தால் அவை ‘கம்யூனிக்கேட்டிங் ரூம்ஸ்’. அறைகள் பேசிக்கொள்வதில்லை, ஆள் போய்வர வழி இருக்கிறது, அவ்வளவுதான்.

‘தகவல் தொடர்பு’ என்ற நம் மொழிபெயர்ப்பில் தகவல் மட்டும்தான் அகப்பட்டது. அதனால்தான் நோய் வந்ததும் உங்களுக்கு இடறுகிறது.

பள்ளித் தாளாளர், பத்திரிகை நிருபர், இரண்டு பேருமே ‘கரெஸ்பாண்டென்ட்’. எப்படி?

கடிதம்தான் பொது. ‘ரெஸ்பாண்ட்’ என்றால் பதில் தருவது; ‘கரெஸ்பாண்ட்’ என்றால் இரு பக்கமும் பதில் தந்துகொள்வது. தொலைவில் இருந்துகொண்டு பத்திரிகைக்குக் கடிதமாகச் செய்தி எழுதி அனுப்பியவர் ஒருவர். பள்ளி நிர்வாகத்தின் சார்பில் கல்வித் துறையோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்பவர் இன்னொருவர். அஞ்சல்வழிக் கல்வியின் ஆங்கிலப் பெயரும் இதே வழியில் வந்ததுதான். கணக்குப் புத்தகத்தில் வரும் ஒத்த கோணங்களும் இதே சொல்லின் பிள்ளைகள். அவை கடிதம் எழுதுவதில்லை, ஒன்றுக்கு ஒன்று ஈடாக நிற்கின்றன.

கோப்பும் தாளுமாக இருப்பதால் தாளாளர் என்று பெயர் வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். பழந்தமிழில் ‘தாள்’ என்றால் முயற்சி, தாளாளர் என்றால் முயற்சியுடையவர். எனக்கு இந்தப் பொருள்தான் பிடித்திருக்கிறது.

‘ஹியர்’, ‘லிசன்’ இரண்டும் கேட்பதுதானே?

காதில் விழுவது ஹியர். காது கொடுப்பது லிசன், அதன் பின்னால் ‘டு’ வரும். நம்முடைய ‘கேள்’ இந்த இரண்டோடு நிற்காமல் வினவும், கீழ்ப்படியும், கடன்கூடக் கேட்கும்.

‘பிராட்காஸ்டட்’ என்று எழுதலாமா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வயலிலிருந்து வந்தது. கை நிறைய விதையை அள்ளி அகலமாக வீசுவதுதான் பிராட்காஸ்ட். வேளாண் துறையில் இன்றும் அந்தப் பொருளில் புழங்குகிறது. என் அப்பா எள் விதைக்கும்போது விதையோடு மணலைக் கலந்துகொள்வார். எள் பொடி விதை. தனியாக வீசினால் ஓரிடத்தில் கொத்தாக விழும், ஓரிடம் வெறுமையாகக் கிடக்கும். மணல் சேர்ந்தால் கைக்குப் பிடிமானமும் வரும், பரவலாகவும் விழும். கை அரைவட்டமாகச் சுழலும், கால் நிற்காது.

1920களில் வானொலி வந்தபோது அதற்கு இந்தச் சொல் வசதியாக அமைந்தது. பி.பி.சி.யின் பெயரில் அது 1922லேயே ஏறிவிட்டது. 1924ல் சென்னையில் ஒரு வானொலிக் கழகம் இங்கும் குரலைத் தூவத் தொடங்கியது. நாம் வைத்த ‘ஒலிபரப்பு’ என்ற பெயரிலும் ‘பரப்பு’ இருக்கிறது பாருங்கள். (வானொலிக்கு ‘ஒலி’, தொலைக்காட்சிக்கு ‘ஒளி’. லகர ளகரத்தை மாற்றிவிடாதீர்கள்.)

இலக்கணத்துக்கு வருவோம். ‘காஸ்ட்’ இறந்த காலத்திலும் ‘காஸ்ட்’தான், அதனால் ‘பிராட்காஸ்ட்’டும் மாறாது. ‘பிராட்காஸ்டட்’டையும் அகராதிகள் ஏற்கின்றன. இருந்தாலும் தேர்வில் எழுதாதீர்கள், திருத்துபவர் எப்படிப்பட்டவரோ! அப்புறம், வாட்ஸ்அப்பில் ‘பிராட்காஸ்ட்’ பட்டியல் போட்டும் உறவினர் பாதிப் பேருக்குச் செய்தி போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும்.