துக்கத்தின் தனிமையில் கிறிஸ்தவ விசுவாசம் தரும் ஆறுதல் என்றால் என்ன?

"ஜெபித்தும் தனிமை போகவில்லையே, அப்புறம் எதை ஆறுதல் என்கிறார்கள்?" கிருஷ்ணகிரி பக்கம் துக்க வீடுகளில் நான் கேட்டிருக்கும் கேள்வி இது.

ஆறுதல் என்றால் வலி நின்றுபோவது அல்ல, வலியில் நம்மோடு ஒருவர் இருப்பது. யோவான் சுவிசேஷம் பரிசுத்த ஆவியைத் 'தேற்றரவாளன்' என்கிறது. அதன் கிரேக்க மூலச்சொல்லுக்கு, துணையாகப் பக்கத்தில் அழைக்கப்பட்டவர் என்று பொருள்.

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் தனிமையே ஆரம்பிக்கிறது. அப்பா போன பிறகு என் அம்மா பழக்கத்தில் இரண்டு டம்ளர் காபி ஆற்றிவிட்டு, இரண்டாவது டம்ளரைப் பார்த்தபடி நிற்பார். நீண்ட ஜெபமெல்லாம் வராது. "ஆண்டவரே, நீரே பாரும்" என்பார், அவ்வளவுதான். அதுவும் முழு ஜெபம்தான். வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களிலேயே எத்தனையோ புலம்பல்கள்!

கடைசி டவுன் பஸ்ஸில் இறங்கி, மாந்தோப்பு ஓரமாக இருட்டில் நடக்கும்போது ஒருவர் கூட வந்தால் தூரம் குறையாது. ஆனாலும் கால் நடக்கும்.

சபையும் அந்தத் துணையில் சேர்த்திதான். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் பக்கத்துக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுபவரிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

அழுதால் விசுவாசம் குறைவு என்று சிலர் சொல்வது தவறு: இறந்துபோன நண்பர் லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார்.