பல்செட்டின் உள்பக்கம் மட்டும் ஏன் சொரசொரப்பாக இருக்கிறது?

"அம்மாவின் புது பல்செட் வெளியே வழவழவென்று இருக்கிறது, அண்ணத்தில் படும் பக்கம் சொரசொரப்பு. பாலிஷ் போட மறந்துவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மறக்கவில்லை. உள்பக்கம் என்பது ஈறின் அச்சு. அதைத் தேய்த்தால் பொருத்தம் கெட்டு பல்செட் ஆடும். கையில் குத்தும் முள், சிறு புடைப்பு இருந்தால் அதை மட்டும் சீவி எடுப்பார்கள்.

வெளிப்பக்கத்துக்கு உப்புத்தாள், அப்புறம் லேத் என்ற சுழலும் இயந்திரத்தில் துணிச்சக்கரமும் ஈரப் பியூமிஸும் (எரிமலைக் கல்லின் பொடி), கடைசியில் மெருகுப் பொடி. பியூமிஸ் கூழ் சொட்டச் சொட்ட இருக்க வேண்டும். காய்ந்தால் சூடேறி, பல்செட்டின் பிளாஸ்டிக்கான அக்ரிலிக் வளைந்துவிடும். உப்புத்தாள் விட்ட ஆழமான கீறலைப் பியூமிஸ் அழிக்காது. மெருகு ஏறியதும் வெளிச்சத்தில் அது பளிச்சென்று தெரியும். திரும்ப உப்புத்தாளுக்கே போக வேண்டியதுதான்.

இவ்வளவு பாடு அழகுக்காக மட்டும் இல்லை. சராசரி சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் கிருமிகள் ஒட்டுவது கூடும் என்பது பல் மருத்துவத்தில் பொதுவாக ஏற்கும் அளவு. காண்டிடா பூஞ்சை அக்ரிலிக்கில் எளிதாகக் குடியேறும், அண்ணம் சிவந்துபோகும்.

உள்பக்கத்தை மெருகேற்ற முடியாது என்பதால் அங்கேதான் அதிகம் தேய்த்துக் கழுவ வேண்டும். தயவுசெய்து பற்பசை வேண்டாம், அதிலுள்ள தூள் அக்ரிலிக்கைக் கீறும். மென்மையான பிரஷ், கொஞ்சம் சோப்பு போதும். வெந்நீரும் கூடாது. இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அண்ணம் சிவந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.