மேசைமேல் ஆநிரை: வாசகர் கேள்வி – பதில்

பழங்காலப் படைவீரர்களின் சிறு பொம்மைகளை (மினியேச்சர்) மேசைமேல் வைத்து ஆடும் சண்டை விளையாட்டைப் பற்றி மும்பைப் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

ஜூலையில் என் கார்த்தேஜ் படை முழுவதற்கும் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். மறுநாள் பார்த்தால் எல்லோரும் விபூதி பூசியது போல் நிற்கிறார்கள். காப்பாற்ற வழி உண்டா?
— ர.சு., முலுண்ட்

பெரும்பாலும் உண்டு. ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. மழைக்காலக் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, காயாத வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளை அதுதான். டப்பாவைச் சரியாகக் குலுக்காவிட்டாலும் இப்படி ஆகும். பளபளப்பைக் குறைக்கும் தூள் அடியிலேயே தங்கிக் கட்டி கட்டியாக வெளிவரும்.

ஒரே ஒரு வீரனை எடுத்து, தண்ணீரில் கரையும் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷைத் தூரிகையால் மெல்லிசாகப் பூசிப் பாருங்கள். வெள்ளை மறைந்தால் மற்றவர்களுக்கும் பூசலாம். ஒரு நாள் முழுக்கக் காய்ந்தபின் மேட் வார்னிஷையும் தூரிகையாலேயே பூசி முடியுங்கள். இன்னொரு தடவை ஸ்ப்ரே எடுக்காதீர்கள். விரலால் தடவும்போது மணல் போல் நரநரத்தால் அது ஈரம் அல்ல. தள்ளி நின்று அடித்ததால் துளிகள் காற்றிலேயே காய்ந்து வந்து ஒட்டியிருக்கின்றன. அதற்கு மறுபடி வண்ணம் தீட்டுவதைத் தவிர வழியில்லை. 20 – 25 செ.மீ. தூரத்துக்கு மேல் போக வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் ஸ்ப்ரே டப்பாவைப் பரணில் போட்டுவிடுங்கள். பிரைமரும் வார்னிஷும் தூரிகையில் பூசுவதாகவே வாங்குங்கள். ஏ.சி. அறையில் காற்று உலர்ந்திருக்கிறதே என்று அங்கே கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கும் யோசனை வரும். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது.

ரோமன், கிரேக்கம் எல்லாம் ஆடியாயிற்று. சங்ககாலச் சண்டையை இந்த விளையாட்டில் கொண்டுவர முடியுமா? மூவேந்தர் போர் என்றால் யானையும் தேருமாக ஆயிரக்கணக்கில் வேண்டுமே?
— வி.மீ., செம்பூர்

மூவேந்தரை விட்டுவிடுங்கள். இருபது முப்பது பேர் மோதும் விளையாட்டுக்கு ஏற்ற சண்டை வெட்சியும் கரந்தையும்தான்: ஒரு கூட்டம் மாடு கவர வருகிறது, ஊர்க்காரர்கள் மீட்க ஓடுகிறார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல் ஒன்றில் ‘ஆகோள்’ (மாடு கவர்தல்) என்ற சொல்லே இருக்கிறது. தொல்காப்பியம் வெட்சிக்குச் சொல்லும் பதினான்கு துறைகளை வரிசையாகப் படித்தால், விரிச்சி (புறப்படும்முன் நற்சொல்) கேட்பது, ஒற்றறிவது, மாட்டைக் கொள்வது, துரத்துவோரைத் தடுப்பது, பிறகு பங்கு போடுவது என்று ஓர் ஆட்டத்தின் கட்டங்கள் அப்படியே வந்து நிற்கின்றன. உங்களிடமுள்ள எந்த விதிநூலின் சண்டை விதிகளையும் வைத்துக்கொண்டு, மேலே இதைப் போர்த்தினால் போதும்.

மேசை 4 அடிக்கு 3 அடி. நீள விளிம்புகளில் ஒன்று ஊர். எதிர் விளிம்பு, மாடு வெளியேறும் வழி. ஊர் விளிம்பிலிருந்து 8 அங்குலத்தில் ஆறு மாடுகள். வெட்சிப் படை 12 பேர், மாட்டிலிருந்து 12 அங்குலம் தள்ளித் தொடங்குகிறார்கள். கரந்தையில் 6 பேர் மாட்டருகே காவல். இன்னும் 6 பேர் மூன்றாம் சுற்றில் ஊர் விளிம்பிலிருந்து வருவார்கள். மொத்தம் 8 சுற்று. ஆள் ஒரு சுற்றுக்கு 6 அங்குலம் நகர்வான்.

விரிச்சிக்கு, தொடங்கும்முன் வெட்சி ஆட்டக்காரர் ஒரு பகடை உருட்டுவார். 1 விழுந்தால் நற்சொல் கேட்கவில்லை, ஊர் உதவி ஒரு சுற்று முன்னதாக வரும். 6 விழுந்தால் ஒரு சுற்று தாமதம். மற்ற எண்களுக்கு மாற்றமில்லை. ஒற்றுக்கு, காவலர் அறுவரையும் முதலில் மேசையில் வைக்காமல், இருவர் இருவராக மூன்று சீட்டுகளிலும் வெற்றுச் சீட்டு ஒன்றிலுமாக, ஆக நான்கு சீட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள். வெட்சிக்காரர் ஒன்றைத் திருப்பிப் பார்க்கலாம்.

மாட்டைத் தொட்டு நின்றாலே பிடித்ததாகக் கணக்கு. ஒருவன் இரண்டு மாடுவரை ஓட்டலாம். அவன் 2 அங்குலத்துக்குள் இருந்தால்தான் மாடு நகரும். நடத்தினால் 4 அங்குலம், விரட்டினால் 6. விரட்டும்போது மாட்டுக்கு ஒரு பகடை. 1 விழுந்தால் கால் பிசகியது. துறைகளில் ‘நோயின்று உய்த்தல்’ என்று ஒன்று உண்டு, மாட்டுக்கு நோவு வராமல் கொண்டுபோவது. மதிப்பெண்ணை அதில் வையுங்கள்: முழு உடம்போடு வெளியேறிய மாட்டுக்கு 2, நொண்டிக்கு 1. வெட்சி 7 எடுத்தால் வெற்றி.

கணக்கைப் பாருங்கள். இரண்டாம் சுற்றில் மாட்டைத் தொடலாம். மீதி ஆறு சுற்றும் நடத்தியே போனால் 24 அங்குலம். போக வேண்டியதோ 28. குறைந்தது இரண்டு சுற்று விரட்டித்தான் ஆக வேண்டும். எந்த இரண்டு சுற்று என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. முதலிலேயே விரட்டினால் காவலரிடமிருந்து தப்பலாம். ஆனால் கால் பிசகிய மாடு அதற்குப்பின் விரட்டினாலும் 4 அங்குலம்தான் போகும். முதல் ஓட்டத்திலேயே பிசகியது விளிம்பைத் தொடாது. மாட்டுக்கு 2 அங்குலத்துக்குள் நிற்பவன்மேல் அம்பு விட்டால், 1 விழும் ஒவ்வொரு பகடையும் மாட்டைத் தைக்கும், அதுவும் நொண்டிதான். தன் மாட்டைத் தானே தைத்த கரந்தைக்காரருக்காக வெட்சிக்கு ஒரு மதிப்பெண் கூட்டுங்கள். இந்த விதி இல்லாவிட்டால் கரந்தைக்காரர் ஊர் விளிம்பில் நின்றபடி அம்பு மழை பொழிந்தே ஜெயித்துவிடுவார்.

வெட்சியில் புதிதாக ஆடுபவர்கள் எல்லா ஆளையும் மாட்டுக்கு அனுப்பித் தோற்கிறார்கள். ஓட்ட மூன்று பேர் போதும். மற்ற ஒன்பது பேரும் மாட்டுக்கும் ஊருக்கும் நடுவே நிற்கட்டும்.

28 மி.மீ. மினியேச்சருக்குத் திமிலுள்ள மாடு தோள் உயரம் சுமார் 2 செ.மீ. இருந்தால் பொருந்தும். நவராத்திரிக்கு முன் மாட்டுங்கா கடைகளில் கொலு பொம்மைகளுக்கிடையே தேடுங்கள். கிருஷ்ணரோடு ஒட்டியிருக்கும் பசுவை மட்டும் வாங்காதீர்கள். பிரிக்க முயன்றால் கால் உடையும்.

எட்டு ரோமன் ஈட்டி வீரர்கள் எறிந்தும் இரண்டே பேர் சாகிறார்கள். 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி, எதிரி 5 அல்லது 6 உருட்டினால் கேடயம் காக்கும். பகடையில் கோளாறா?
— த.ந., சயான்

இல்லை. எட்டில் பாதி, நான்கு அடி. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கேடயம் தடுக்கிறது. சராசரி 2.67. எனவே இரண்டு மூன்று பேர் சாவதுதான் இயல்பு. ஐந்து பேர் செத்தால் அப்போது எதிராளி கேள்வி அனுப்பட்டும்.

சாகா (SAGA) என்ற விதிநூலின்படி ஆடுகிறேன். முதல் இரண்டு சுற்றில் எப்போதும் நான்தான் முன்னே. நான்காவதில் படை சிதறிவிடுகிறது. ஏன்?
— ப.கி., வாஷி

முன்னே போனதால்தான். ஒரே சுற்றில் ஒரு குழுவை இரண்டாம் முறை நகர்த்தும்போது களைப்பு வில்லை ஏறுகிறது. கைகலப்பு ஒவ்வொன்றுக்கும் இன்னொன்று. அந்த வில்லைகளைச் செலவழிக்கும் உரிமை எதிராளிக்கு. உங்கள் நகர்வைக் குறைப்பார், அல்லது மோதலில் தன் கவசத்தை ஏற்றிக்கொள்வார். மோதப்போகும் குழு களைப்பில்லாமல் போய்ச் சேரட்டும். அதற்காக ஒரு சுற்று காத்திருந்தால் நஷ்டமில்லை. பகடையில் ஒன்றை ஓய்வுக்கு ஒதுக்குவது வீண் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு.

லோக்கல் ரயிலில் கொண்டுபோகும்போது ஈட்டிகள் உடைகின்றன, அடித்தட்டும் கழன்றுவிடுகிறது.
— ஜெ.அ., டோம்பிவிலி

அடித்தட்டுக்கு நாக்தேவி தெருப் பக்கம் எம்-12 வாஷர் கேளுங்கள். வெளிவிட்டம் 24 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) என்று சொல்லிக் கேட்பது முக்கியம், ஸ்டெயின்லெஸ் வாஷரில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. நடு ஓட்டையை எம்-சீலால் அடைத்து, இறுகியபின் வீரனை ஒட்டுங்கள். பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் காந்த ஷீட் விரித்தால் சாயாமல் நிற்பார்கள்.

ஈயக்கலவை பொம்மைக்கு ஃபெவிக்விக் மட்டும் போதாது. அது இழுப்பைத் தாங்கும், அதிர்ச்சியைத் தாங்காது. பாதத்தில் 1 மி.மீ. துளையிட்டுக் கம்பி செருகி, அரால்டைட் வையுங்கள். மெல்லிய வார்ப்பு ஈட்டியை வெட்டி எறிந்துவிட்டு, பிளாஸ்டிக் துடைப்பத்தின் நார் ஒன்றை 3.5 செ.மீ. வெட்டி வையுங்கள். வளையும், உடையாது. இரண்டு மீட்டர் ஈட்டிக்கு இந்த அளவில் அதுதான் கணக்கு. நெரிசல் நேர ஃபாஸ்ட் வண்டியில் எந்தப் பெட்டியும் தப்பாது; பதினொரு மணிக்குப் பின் கிளம்புங்கள்.

இடைக்காலக் குதிரை வீரர்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். ஹானிபால் படைக்குப் பயன்படுத்தலாமா?
— எஸ்.ரா., மாட்டுங்கா

அங்கவடியை (சவாரிக்காரர் கால் வைக்கும் வளையம்) வெட்டிவிட்டால் குதிரைகளைப் பயன்படுத்தலாம். அந்தக் காலத்தில் அங்கவடியே கிடையாது. ஹானிபால் படையிலிருந்த வட ஆப்பிரிக்க நுமிடியருக்கென்றால் சேணமும் கடிவாளமும்கூட வேண்டாம், செதுக்கி எடுங்கள். சவாரிக்காரர்களை மாற்றத்தான் வேண்டும்.

மினியேச்சர் வாங்கக் காசில்லை. காகிதத்தில் ஆடலாமா?
— கல்லூரி மாணவர், தாராவி

தாராளமாக. 250 ஜி.எஸ்.எம். அட்டையில் 3 செ.மீ. உயரத்துக்கு முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்து, மடித்து ஒட்டுங்கள். அடியில் 25 மி.மீ. வட்டு, குதிரைக்கு 40 மி.மீ. வட்டின் அளவு மட்டும் இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒருவனை எத்தனை பேர் சூழ முடியும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அட்டை வெட்டும்முன் வண்ணம் தீட்டுங்கள். வெட்டியபின் தீட்டினால் ஓரம் ஈரத்தில் பிரிந்து விரியும்.