பீரங்கி இழுத்த குதிரையும் தேங்காய் வண்டியும்

கேள்வி: ஐயா, போன ஆடியில் அந்தியூர் சந்தையில் நாலு வயது மட்டக்குதிரை ஒன்று வாங்கினேன். ஏறிப்போனால் சாதுவாக நடக்கிறது. தோப்பில் தேங்காய் ஏற்ற வண்டியில் பூட்டினால், சக்கரம் கடகடத்ததும் மிரண்டு ஓடுகிறது. இரண்டு தடவை வண்டி கவிழ்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் குதிரைகள் பீரங்கியையே இழுத்தனவாமே, அவற்றை எப்படிப் பழக்கினார்கள்?

பதில்: தம்பி, முதலில் வண்டியில் பூட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். இரண்டு முறை கவிழ்ந்த குதிரைக்கு வண்டி என்றாலே இப்போது பயம். மூன்றாவது முறை அதன் காலோ உங்கள் இடுப்போ முறியும்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் 18 பவுண்டர் (சுமார் 18 பவுண்டு எடைக் குண்டு சுடும்) பீரங்கியை ஆறு குதிரைகள் மூன்று ஜோடியாக இழுத்தன. ஓட்டுகிறவர் வண்டியில் உட்கார மாட்டார். ஒவ்வொரு ஜோடியிலும் இடக்குதிரை மேல் ஒரு சிப்பாய். வலக்குதிரையையும் அவரே கையில் பிடித்து நடத்துவார். சக்கரத்தை ஒட்டிய பின்ஜோடிக்குத்தான் பெரிய பாடு. இறக்கத்தில் பீரங்கி தள்ளிக்கொண்டு வரும்போது பின்சாய்ந்து தாங்குவது அவைதான். லண்டனில் 'கிங்ஸ் ட்ரூப்' என்ற அரச குதிரைப் பீரங்கிப் படை இன்றும் பழைய 13 பவுண்டர்களை இப்படியே ஆறு குதிரை பூட்டி ஓட்டுகிறது. நம் பக்கத்திலும் தொடர்பு உண்டு: ஓசூர் மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824இல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கியதுதான்.

பீரங்கிப் படையில் முதல் பாடம் ஆளுக்கு. அங்கவடி (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) இல்லாமல் சவாரி செய்ய வைப்பார்கள். உடம்பு தானாக நிலைக்கப் பழகினால்தான் விழாமலிருக்கக் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்க மாட்டான். மிரளும்போது நீங்கள் வாரை வெடுக்கென்று இழுப்பீர்கள். வாய் வலிக்கும், சத்தத்தோடு வலியும் சேர்ந்துவிடும். அந்தக் கையை முதலில் மாற்றுங்கள்.

சத்தத்துக்குப் பழக்க, தீனி நேரத்தில் தொலைவில் வெடி போட்டு, நாளாக நாளாகக் கிட்டே கொண்டுவருவார்கள். நீங்கள் கொள்ளு வைக்கும்போது ஐம்பது அடி தள்ளி ஒருவரை வெறும் வண்டியை உருட்டச் சொல்லுங்கள். காதைப் பாருங்கள். இரண்டும் விறைத்து, மெல்லுவது நின்றால் தூரம் போதவில்லை. வண்டி பின்னே போகட்டும். ஒரு காது மட்டும் திரும்பி, வாய் மென்றுகொண்டே இருந்தால் மறுநாள் பத்தடி முன்னே வரலாம். இதை அவசரப்படுத்தவே கூடாது. ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும்.

அப்புறம் நீள வாரோடு பின்னால் நடந்து ஓட்டுங்கள். இழுவைக் கயிறு பின்னங்காலில் உரசப் பழகட்டும். பிறகு பழைய டயர் ஒன்றைக் கட்டி இழுக்க விடுங்கள். மிரண்டால் சட்டென்று கழன்றுவிடும்படி முடிச்சுப் போடுங்கள். அதுவும் சரியானபின் காலி வண்டி, பக்கத்தில் முகக்கயிற்றைப் பிடித்து ஓர் ஆள். தேங்காய் கடைசியில்தான். பக்கத்து ஊரில் வண்டிக்குப் பழகிய குதிரை இருந்தால் முன்னால் நடக்க விடுங்கள், பாதி வேலை குறையும்.

இத்தனைக்கும் முன்னால் மார்ப்பட்டை படும் இடத்தைத் தடவிப் பாருங்கள். "முரட்டுக் குதிரை" என்று என்னிடம் கொண்டுவந்த ஒன்றுக்குப் பட்டைக்கு அடியில் பாக்களவு புண் இருந்தது. ஆறும்வரை பட்டை போடவில்லை. பிறகு அது வண்டியை முரண்டில்லாமல் இழுத்தது. கண்ணையும் பல்லையும் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, கொள்ளுப் பாத்திரத்தோடு ஆரம்பியுங்கள்.